கூஜாவில் பிடித்த முதல் மழை

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், காவலாள் முனியப்பா, பெங்களூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர். எங்கள் சூப்பர்வைசர் இல்லை; மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கல்லாவி போயிருந்தார். அதிகாரி வந்தால் எல்லா வேலையையும் தானே செய்து காட்டுகிறவர் அவர். இருந்திருந்தால் உண்மை வெளிவந்திருக்காது.

ஐம்பதுகளின் பிற்பாதி அது. எங்கோ கடல் தாண்டி வெடித்துப் பார்த்த அணுகுண்டுகளின் தூள் காற்றோடு வந்து எங்கே இறங்குகிறது என்று கவனிக்க, ஓசூருக்கு வெளியே ஒரு மேட்டில் எங்கள் ஸ்டேஷன் இருந்தது. வெட்டவெளியில் அகலமான எனாமல் தட்டு. அதன் நடுத்துளைக்குக் கீழே ஜாடி. அதில் சேரும் மழைநீரைப் பெங்களூருக்கு அனுப்புவோம்; அங்கே கதிர்வீச்சை எண்ணும் கவுண்டர் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். மழை வந்தால் நான் உள்ளே பாரமானியைக் குறிக்க வேண்டும். ஜாடி முனியப்பாவின் பொறுப்பு.

“உங்க தண்ணியில ஒண்ணுமே இல்லப்பா. மத்த ஊர்ல மழை பெஞ்சா கவுண்டர் படபடன்னு அடிக்குது. இங்க ஊமையா கெடக்கு. மூடிடலாம்னு எழுதப்போறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

மூடினால் என் வேலையும் போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மகனுக்கு கவர்மெண்ட் வேலை என்று அப்பா குந்தாரப்பள்ளி சந்தையில் மாட்டுத் தரகர்கள் வரை சொல்லி வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து, பல வாரமாக ஏமாற்றிய மழை இறங்கியது. முனியப்பா கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி ஜாடியை அப்பால் எடுத்து வைத்தார். இன்ஸ்பெக்டர் ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

“யோவ், அத ஏன்யா எடுக்கறே?”

“மொதத் தண்ணி சாமி. தரையில போவட்டும். கொஞ்சம் உட்டுப் புடிக்கறன்.”

“எப்பவும் இப்படித்தானா?”

“பின்ன? எங்கூட்டுக் கூரைத் தண்ணியவே மொதல்ல உட்டுட்டுத்தான் குடம் வெப்போம். பெங்களூர் தொரைங்களுக்கு அழுக்குத் தண்ணியா அனுப்புவன்?”

“அந்த அழுக்குதான்யா எனக்கு வேணும்!”

இன்ஸ்பெக்டர் தன் கூஜாவிலிருந்த குடிநீரைக் கொட்டிவிட்டு, வெறுந்தலையோடு ஓடி அதைத் துளைக்கு அடியில் வைத்தார். அது நிரம்பிச் சற்று நேரம் கழித்து, முனியப்பாவின் வழக்கப்படியே ஜாடியை வைக்கச் சொன்னார்.

இரண்டிலும் ஒரே அளவு எடுத்து, ஸ்டவ்வில் தனித்தனியாக வற்ற வைத்து, மிச்சத்தை இன்ஸ்பெக்டர் கொண்டுவந்திருந்த கவுண்டரின் கீழ் வைத்தோம். கூஜாத் தண்ணீருக்குக் கடுகு பொரிவதுபோல் அடித்தது. ஜாடித் தண்ணீருக்கு எப்போதாவது ஒரு ‘டிக்’. வறண்ட நாட்களில் தூள் மேலேயே திரிகிறது. மழைத்துளி வரும் வழியில் அதைப் பிடித்து இறக்கிவிடுகிறது. முதல் மழையிலேயே காற்று கழுவப்பட்டுவிடுவதால் பிறகு வருவது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

“நல்லதக் குடுத்தாலும் குத்தமா சாமி?” என்றார் முனியப்பா. தலை துவட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். எழுதப்போவதாகச் சொன்னதை எழுதவில்லை.

புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: பிடித்து வைத்ததைச் சோதிக்கும் முன், கொட்டிவிட்டது எது என்று விசாரியுங்கள்.

அந்தக் கூஜாவில் மறுபடி குடிக்க இன்ஸ்பெக்டருக்கு மனம் வரவில்லை. முதல் மழை பிடிக்க அது எங்களிடமே நின்றது. அவருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தோம்; கல்லாவியிலிருந்து திரும்பிய சூப்பர்வைசரும் முனகிக்கொண்டே பங்கு போட்டார். ஸ்டேஷன் நிலைத்ததற்கு எங்கள் மூவருக்கும் சேர்த்து ஆன செலவு, நாலரை ரூபாய்.