கழகத்தைக் கலைக்க விடாத மல்லிகா

காலை ஐந்தரை மணி இருக்கும். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். திவ்யாவிடமிருந்து போன் வந்தது. மல்லிகாவின் மகள் திவ்யா என்னிடம் தமிழில் ஆரம்பித்து, வார்த்தை கிடைக்காமல் ஆங்கிலத்தில் முடிப்பவள். அன்று அவளுக்குத் தமிழே வரவில்லை. “அங்கிள், அம்மா வெள்ளிப்போயிந்தி” என்று தெலுங்கில் சொன்னாள். அம்மா போய்விட்டார் என்று அர்த்தம். கட்டிய ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

மல்காஜ்கிரியில் எங்கள் காலனிப் பக்கம் காலை நடை போனவர்கள் மல்லிகாவைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சுரிதார், வெள்ளை கான்வாஸ் ஷூ, கையில் பேட், தூரத்திலிருந்தே கேட்கும் கோவில்பட்டிக் குரல். நாங்கள் இருவரும் ஒரே மத்திய அரசு நிறுவனத்தில் வேலை பார்த்தோம். அவர் ஸ்டோர்ஸ், நான் டிராயிங் பிரிவு. வயதில் நான் ஆறு வருஷம் மூத்தவன் என்பதால் அவருக்கு நான் அண்ணாச்சி. உங்களில் பலருக்கு அவரை உதயம் பூப்பந்துக் கழகத்தின் செயலாளராகத் தெரிந்திருக்கும். அந்தக் கழகத்துக்குள் அவர் எப்படி வந்தார் என்பது தெரிந்திருக்காது. அதை நான்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரை வாசலில் நிறுத்தியவன் நான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் நெட். இறகுப்பந்தோடு யாராவது இதைக் குழப்பிக்கொண்டால் மல்லிகாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்தத் திடலில் கம்பம் நட்டோம். சீக்கிரமே எங்கள் கொடி பறந்தது. காலனிகளுக்கிடையே நடக்கும் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் உப்பல்காரர்கள் எங்களைப் பார்த்தாலே பாதி தோற்றுவிடுவார்கள். முப்பது உறுப்பினர்கள், இரண்டு ஆடுகளம், கோப்பை வைக்க இரும்பு அலமாரி. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லிகா வந்தார். கல்யாணமாகி ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தார். துணியில் சுற்றிய சொந்த பேட். “காலேஜ் டீம்ல சென்டர் ஆடுனேன் அண்ணாச்சி. இங்க சேரலாமா?” என்றார். சரி, ரெண்டு பந்து அடித்துக் காட்டட்டும் என்று எதிரே நின்றேன். அவர் வெட்டிவிட்ட முதல் பந்து நெட்டைத் தாண்டியதும் என் காலடியில் செத்து விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்தை நான் போடவில்லை. “பெண்களைச் சேர்க்க விதியில இடம் இல்லம்மா” என்றேன்.

“அந்த விதியைக் காட்டுங்க” என்றார்.

அப்படி ஒரு விதியே இல்லை. அடுத்த வாரம் காட்டுவதாகச் சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே செயற்குழுவைக் கூட்டி, ‘உறுப்பினர் ஆண்களாக இருத்தல் வேண்டும்’ என்று ஒரு விதியை எழுதி, தட்டச்சு செய்து, பலகையில் ஒட்டினோம். அடுத்த ஞாயிறு மல்லிகா வந்து அதை நிதானமாக வாசித்தார். “எனக்குன்னு ஒரு விதியே எழுதிட்டீங்களே அண்ணாச்சி! சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதியதன் காரணத்தை இப்போது ஒளிக்காமல் சொல்கிறேன். நானும் சென்டர் ஆடுபவன். என் இடம் போய்விடும் என்று பயந்தேன்.

ஆனைக்கொரு காலம் பூனைக்கொரு காலம் என்பார்கள். எங்கள் காலம் போனது எங்களுக்கே தெரியாமல் போனது. எங்கள் நிறுவனத்தில் ஆள் எடுப்பது குறைந்தது. சிலர் மாற்றலாகிப் போனார்கள், சிலர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள், பலருக்கு முழங்கால் போனது. பிள்ளைகள் கணினி வேலைக்குப் போய் குகட்பள்ளிப் பக்கம் குடியேறினார்கள். அவர்களுக்கு மஞ்சள் பந்து அப்பாக்களின் வேடிக்கை. கடைசியில் நான்கு பேர் மிஞ்சினோம். இரண்டு ஞாயிறு ஆள் இல்லாமல் ஆடாமலே தோற்றோம். மூன்றாவது முறையும் அணி வராவிட்டால் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை மல்லிகா வீட்டுக்குப் போனேன். போவதற்கு முன் தெருவை இரண்டு முறை சுற்றி வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. “வாரேன் அண்ணாச்சி. ஆனா விதி இருக்கே. அதை முறையா எடுத்துட்டு வாங்க” என்றார். அவசரத்துக்கு ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகட்டும் என்று நினைத்த எனக்கு நன்றாகவே மூக்குடைபட்டது. அன்று மாலை நான்கு ஆண்கள் பொதுக்குழு என்று கூடி, விதியை நீக்கித் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனோம். வாசித்துப் பார்த்துவிட்டு, தேதி போட மறந்ததைச் சுட்டிக்காட்டி, அதையும் போடவைத்தார்.

மறுநாள் உப்பலில் ஆட்டம். அவர்கள் தலைவர் மல்லிகாவைப் பார்த்துவிட்டு, பெண் ஆடக்கூடாது என்றார். “அந்த விதியைக் காட்டுங்க” என்று மல்லிகா கேட்டார். போட்டி விதியில் ஐந்து பேர் என்று இருந்ததே தவிர ஆண் என்று இல்லை. எங்களைப் போல் மாலைக்குள் ஒன்று எழுதிக்கொள்ள பாவம், அவர்களுக்கு நேரம் இல்லை. ஆட்டத்தில் நாங்கள் படுதோல்வி அடைந்தோம். நான் பின்வரிசையில் நின்றேன், அவர் சென்டரில். பஸ்ஸில் திரும்பும்போது, பல வருஷமாக உள்ளே கிடந்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு உங்க ஆட்டத்தப் பாத்துப் பயந்துட்டேன் மல்லிகா. அதான் விதி, மண்ணாங்கட்டி எல்லாம்.”

“பயப்படட்டும்னுதானே அந்த ரெண்டு பந்தையும் அப்படி வெட்டுனேன்” என்றார். “நீங்க சேத்துக்கிடுவீங்கன்னு நெனச்சேன். பயம் கூடிப் போச்சு போல!” பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி இருவரும் சிரித்தோம்.

அவரைச் செயலாளராக்கியது நாங்கள் அல்ல. அவரே ஆகிவிட்டார். திடலுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் யூசுஃப் பாய் பத்து வருஷமாக எங்கள் ஆட்டத்தைக் கடையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர். அவரை அழைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றியதில்லை. மல்லிகா ஒரு நாள் நேரே போய், ‘ஏன்’ என்பதை மட்டும் அவர் உருதுவில் சொல்லி, “கைக்கு பாய், அங்கேயே உக்காந்திருக்கீங்க? வாங்க” என்றார். “நக்கோ மேடம், நக்கோ” என்று வேண்டாமெனக் கையை ஆட்டியவர் மறுவாரம் பேட்டோடு நின்றார். எங்கள் பின்வரிசையில் அவரைப் போல் ஒருவர் அதற்கு முன் ஆடியதில்லை. பிறகு தெலுங்குக் குடும்பங்களின் பெண்கள் வந்தார்கள். வாடகைக்கு வந்த கணினிக்காரத் தம்பதிகள் வந்தார்கள். “தமிழ்க்காரங்கன்னு தேடுனா நாலு பேருதான் அண்ணாச்சி. ஆடுறவங்கன்னு தேடுங்க” என்பார் மல்லிகா. கழகம் மறுபடி இருபத்திரண்டு பேரானது. அலமாரியில் புதிதாக ஒரு கோப்பையும் ஏறியது.

பிறகு தொற்றுக்காலம் வந்தது. அதில் உறுப்பினர்கள் இருவரை இழந்தோம். என் மனைவியையும் இழந்தேன். திடலில் முழங்கால் உயரம் புல். காலனிச் சங்கத் தலைவர் பிரசாத்காரு நல்ல மனிதர். கார்கள் பெருகிவிட்டன, திடல் சும்மாதானே கிடக்கிறது, வண்டி நிறுத்தக் கொடுத்தால் என்ன என்று மரியாதையாகவே கேட்டார். எனக்கு எதிலும் பிடிப்பில்லாத நேரம் அது. கழகத்தைக் கலைக்கும் தீர்மானத்தை நானே என் கையால் எழுதி, பொதுக்குழுவுக்கு அழைப்பும் அனுப்பினேன்.

கூட்டத்தன்று காலை கழக அறையில் தீர்மானத்தோடு உட்கார்ந்திருந்தேன். பத்து மணி ஆயிற்று, பத்தரை ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. கலைப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும். எட்டிப் பார்த்தால் கேட்டில் மல்லிகா நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார். “வீட்டுக்குப் போயிக் காப்பி குடிங்க. நாளைக்கு ஆறு மணிக்கு ஷூ போட்டுட்டு வாங்க.” ஒரு காலத்தில் நான் நின்ற அதே வாசல். எல்லோரையும் அனுப்பிய பிறகு உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

“எத்தன பேரு அண்ணாச்சி?”

“நாம ரெண்டு பேர்தான்.”

“அப்ப இன்னைக்குக் கூட்டம் இல்ல.”

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இதெல்லாம் என்று கத்தினேன். அவர் என்னைக் கத்த விட்டார். பிறகு, “துக்கத்துல இருக்கும்போது கையெழுத்துப் போடக்கூடாது. எங்க ஊர்ல பத்திரம்கூட எழுத மாட்டாங்க. அக்கா போயி நாலு மாசந்தான் ஆகுது. நீங்க எதைக் கலைக்கணும்னு சொல்லுதீங்கன்னே ஒங்களுக்குத் தெரியாது” என்றார். என் மனைவி இறந்த பிறகு நான் ஒருவர் முன்னால் அழுதது அன்றுதான்.

அதே வாரம் அவர் பிரசாத்காருவிடம் போனார். நானும் உடன் இருந்தேன். “தினமும் காலையில இங்க ஆட்டம் நடக்கும். ஒரே ஒரு நாள் நடக்காமப் போச்சுன்னா, மறுநாள் நீங்க வண்டியக் கொண்டாந்து நிறுத்துங்க. நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம்” என்று தெலுங்கில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது பேரில் பாதிப் பேர் வராத காலம். ஆனால் அந்த வாக்குதான் எல்லோரையும் படுக்கையிலிருந்து எழுப்பியது. மழை நாளில் பந்து நனைந்து கல்லாகிவிடும், அப்போதும் இருவர் இருவராக நின்று ஒரு ஆட்டம் ஆடுவோம். சங்கராந்தி, ரம்ஜான், தேர்தல், திவ்யாவின் கல்யாண நாள், எதற்கும் விடுமுறை இல்லை. கடைசி இரண்டு வருஷம் சிறுநீரகக் கோளாறு அவரை உருக்கியது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் நாற்காலி போட்டு எங்களுக்குப் புள்ளி எண்ணுவார். எண்ணுகிறவர் வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டுமல்லவா? அது மட்டும் அவரால் முடியாது. “அண்ணாச்சி, பந்து வருது, நீங்களும் கொஞ்சம் வாங்க!”

அவர் இறந்த காலையில் எனக்குத் திடல் நினைவே இல்லை. அவர் வீட்டில் சுவரோரம் நின்றிருந்தேன். ஏழரை மணிக்கு யூசுஃப் பாயும் இன்னும் ஐந்தாறு பேரும் வந்தார்கள். எல்லோர் ஷூவிலும் செம்மண். எனக்குச் சுருக்கென்றது. “இன்னைக்குமா பாய்?” என்றேன்.

“ஹவ் சார், ஆமா” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வாக்கு மேடத்தோடது. இன்னைக்கு விட்டா யார் பேர் கெடும்?”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலில் உட்கார்ந்திருந்தபோது பிரசாத்காரு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மல்லிகாவைப் பற்றி மனப்பூர்வமாகவே பேசினார். பிறகு தயங்கித் தயங்கி, திடல் விஷயத்துக்கு வந்தார். “மேடத்துக்காகத்தான் இத்தனை நாள் பொறுத்திருந்தோம், உங்களுக்கே தெரியும்” என்றார். வழக்கமாக இந்த மாதிரி நேரங்களில் பார்க்கலாம், யோசிக்கலாம் என்று சொல்லித் தப்பிப்பவன் நான். அன்று என் தெலுங்கு எனக்கே ஆச்சரியமாக, தடுமாறாமல் வந்தது.

“இனிமே எனக்காகப் பொறுங்க. பேச்சு அதேதான்” என்றேன்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு, இடது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மல்லிகாவைத் தெரிந்தவர்களுக்கு இது தகவல்: கழகத்தின் செயலாளர் இப்போது நான். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய பிடிவாதத்தை மட்டும்தான். நான் உயிரோடு இருக்கும்வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.