மாமனாருக்குக் கட்டுப்போட்ட நாள்

பெட்ரோல், டீசல் ஏற்றும் டேங்கரை ஓட்ட ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது. தீப்பிடிக்கும் சரக்கை ஏற்றலாம் என்று அதில் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டும். வாங்கினாலும் அது ஆயுளுக்கும் செல்லாது. காலம் முடிகிறபோதெல்லாம் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து எழுந்தால்தான் புதுப்பித்துத் தருவார்கள். காஸ் சிலிண்டர் லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். நான் ஓட்டுவது டேங்கர், என் மாமனார் ஓட்டுவது சிலிண்டர் லாரி. போன வருஷம் எங்கள் இருவரையும் ஒரே நாள் வகுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அப்போது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு காம்பவுண்டுச் சுவர். நாச்சியாபுரத்தில் நான் வீடு கட்டிக் குடிபோன அன்று, மாமனார் பள்ளத்தூரிலிருந்து கட்டில், பீரோ, அண்டா குண்டா எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றித் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் சந்துக்குள் லாரியைப் பின்பக்கமாகத்தான் கொண்டுவர முடியும். நான் பின்னால் நின்று "வரலாம், வரலாம்" என்று வழி சொன்னேன். சரியான இடத்தில் "ஹோல்டான்" என்றும் சொன்னேன். ஆனால் லாரி நிற்கவில்லை. ஈரம் காயாத சுவர் ஒரு சத்தமும் போடாமல் படுத்துக்கொண்டது. நான் ஹோல்டான் சொல்லவே இல்லை என்றார் அவர். சொன்னேன் என்றேன் நான். வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் இரண்டு டிரைவர்கள் ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றிச் சண்டை போட்டால் அது எங்கே போய் நிற்கும்? சாப்பிடாமல் கிளம்பிப் போனவர் அதன்பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பள்ளத்தூருக்கு நாங்கள் போனால் எனக்குச் சொல்ல வேண்டியதை என் மனைவியிடம் சொல்வார். அவள் அடுப்படியில் இருந்தால் டிவியைப் பார்த்துச் சொல்வார். குன்றக்குடி ரோட்டில் இரவில் எதிரெதிரே வந்தால், ஊரில் உள்ள எல்லா வண்டிக்கும் லைட்டை இறக்குகிறவர் என் டேங்கருக்கு மட்டும் இறக்க மாட்டார்.

வகுப்பு நடத்துகிறவர்களின் கட்டடத்தில் ஏதோ மராமத்து. அதனால் காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். முதல் நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிம்மாசனங்கள் அப்படியே இருந்தன. காலையில் வகுப்பெடுத்தவர் அதில் ஒன்றில் உட்கார்ந்து, டேங்கர் கவிழ்ந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்து எதிர்ப்பக்கம் ஓட வேண்டும் என்று பாடம் நடத்தினார். அவர் தலைக்கு மேலே ஜிகினாவில் இரண்டு புறா ஒட்டியிருந்தது.

மாமனார் எனக்கு முன்பே வந்து வலது ஓரத்தில் கடைசி நாற்காலியைப் பிடித்திருந்தார். அவரைப் பார்த்ததும் நான் போய் இடது ஓரத்தில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் அதைவிடத் தூரமாக உட்கார இடமில்லை.

மதியத்துக்கு மேல் முதலுதவிப் பாடம். அதற்கு ஒரு நர்ஸம்மா வந்தார். குட்டையான உருவம், மைக்கே தேவைப்படாத குரல். சிங்கம் மாதிரி மீசை வைத்தவர்களெல்லாம் அந்தக் குரலுக்கு எழுந்து நின்றோம். இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும், ஒருவர் அடிபட்டவர், மற்றவர் காப்பாற்றுகிறவர் என்றார். பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்களைச் சேர்த்தால் அரட்டைதான் நடக்கும், அதனால் இந்த ஓரத்து முதல் ஆளுக்கு அந்த ஓரத்துக் கடைசி ஆள் ஜோடி என்று முடிவு செய்தார். அந்தக் கடைசி ஆள் என் மாமனார்.

கனத்த உடம்புக்காரர்கள்தான் அடிபட்டவர்களாம். மாமனார் வந்து ஜமுக்காளத்தில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் அடிபட்டவரின் தோளைத் தட்டி, சத்தமாகப் பேச்சுக்கொடுக்க வேண்டுமாம். நான் மண்டியிட்டுத் தோளைத் தொட்டும் தொடாமலும் தட்டினேன்.

"ஐயா, நான் பேசுறது கேக்குதா?"

பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். தாடை மட்டும் இறுகியது. நர்ஸம்மா வந்து குனிந்து பார்த்து, பதில் வராவிட்டால் மயக்கம் என்று அர்த்தம், மூச்சு இருக்கிறதா பாருங்கள் என்றார். மூக்கருகே காதை வைத்தேன். வீம்புக்கு மூச்சையும் பிடித்து வைத்திருந்தார் மனுஷன். மூச்சும் இல்லை என்று உள்ளதைச் சொன்னேன். அப்படியென்றால் அடுத்து என்ன செய்வது என்று நர்ஸம்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்க, எல்லோரும் ஒரே குரலில் "நெஞ்சை அமுக்கணும்" என்றார்கள்.

மாமனார் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, நர்ஸம்மாவைப் பார்த்தார். "எனக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு அவருட்ட சொல்லுங்கம்மா."

"அடிபட்டவரு என்கிட்ட பேசக் கூடாது. நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்குங்க. அவர்கிட்டயே சொல்லுங்க" என்றார் நர்ஸம்மா.

அடுத்து நான் கேட்க வேண்டியது, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது. கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "என் மகளுக்குச் சொல்லணும்" என்றார். நம்பர் என்ன என்றேன். அதுவும் பாடத்தில் இருந்ததுதான்.

"நம்பரு உங்கட்டத்தான இருக்கு மாப்பிள்ள."

வாயிலிருந்து வந்தபிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. பக்கத்து ஜமுக்காளங்களில் அடிபட்டுக் கிடந்தவர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் சொந்தமா என்று நர்ஸம்மா கேட்டதற்கு நான் தலையாட்டினேன். அவருக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. நல்லது, அடுத்த கேள்வியைக் கேளுங்கள், எப்படி அடிபட்டது என்று விசாரியுங்கள் என்றார்.

விசாரித்தேன். விசாரிக்காமல் இருந்திருக்கலாம். படுத்த வாக்கிலேயே மாமனார் ஆரம்பித்துவிட்டார். வீடு குடிபோன அன்று சீரோடு வந்தது, சந்தின் அகலம், பின்னால் நின்ற ஆள் கடைசிவரை வரலாம் வரலாம் என்றது, சுவர் சாய்ந்தது எல்லாம் வந்தது. நானும் விடவில்லை. ஹோல்டான் சொன்னேன் மாமா, தொண்டை கிழியச் சொன்னேன் என்றேன். அதற்குள் டீ வந்தது. டீ நேரத்தில் டிரைவர்கள் சும்மா இருப்பார்களா? பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிச் சுவராக்கினார்கள். தேவகோட்டைக்காரர் ஒருவர் லாரியானார். இன்னொருவர் நானாகிப் பின்னால் நின்றார். லாரி எத்தனை தடவை பின்னால் வந்தாலும் நாற்காலிகள் சரிந்தன.

கடைசியில் லாரியாக இருந்தவர்தான் கேட்டார், அன்றைக்கு ரேடியோ செட் போட்டிருந்ததா என்று. போட்டிருந்தது. பாட்டுப் போடுகிற புனல் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது? சந்தைப் பார்த்து. அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது. நான் சொன்னதும் நிஜம், அவர் காதில் விழாததும் நிஜம், குற்றம் முழுக்க ரேடியோ செட்காரன்மேல். அங்கே இல்லாத ஓர் ஆளை அத்தனை பேரும் ஒற்றுமையாகத் திட்டினோம். மாமனார் திட்டியதுதான் எல்லாவற்றிலும் நீளம்.

டீக்குப் பிறகு கை முறிந்தவருக்குக் கட்டுப்போடும் பாடம். கட்டுத்துணி பற்றாக்குறை, அவரவர் துண்டையே எடுக்கச் சொன்னார்கள். மாமனாரின் துண்டு என் மனைவி பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்தது. அதைக்கொண்டு அவர் கையைத் தாங்கி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். கை தன்னால் போட்டது தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சு. அது இழுக்க இழுக்க இறுகும். இதைப் போலத்தான் கட்ட வேண்டும் என்று நர்ஸம்மா எல்லோருக்கும் காட்டினார். வகுப்பு முடிந்து அவிழ்க்கப் பார்த்தால் அசையவில்லை. ஆளாளுக்கு இழுத்து இன்னும் இறுக்கினார்கள். நர்ஸம்மா கத்தரிக்கோலை எடுத்ததும் மாமனார் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"என் மக எடுத்துக் குடுத்த துண்டும்மா. வெட்டக் கூடாது. அவளே அவுத்துருவா."

அந்தக் கையோடு அவரால் பைக் ஓட்ட முடியாது. என் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். இத்தனை காலம் பேசாமல் வைத்திருந்ததெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்ததும் வர ஆரம்பித்தது. எல்லாம் டிரைவிங்தான். "கொஞ்சம் இங்குட்டு ஒதுங்குங்க. அந்த ஆடு குறுக்க வரும். ஏன் இம்புட்டு முறுக்குறீக?" குன்றக்குடியில் கோயிலைப் பார்த்து ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திக் கும்பிட்டார். ஒற்றைக் கையால்தான்.

வாசலில் என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுப் பக்கமே வராத அப்பா, கழுத்தில் கை தொங்க, பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பிடித்து இறக்க வருகிறார். அவள் வேறென்ன நினைப்பாள்? முறம் ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம். "வண்டி எங்கப்பா கவுந்துச்சு?" என்று அழுதாள். வண்டி கவிழவில்லை என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் காதில் விழவில்லை. அதற்குள் பள்ளத்தூருக்குப் போன் போட்டு, அப்பாவுக்குக் கை போச்சு என்று அவள் அம்மாவிடம் சொல்லியும் விட்டாள்.

விஷயத்தை அவளுக்குப் புரியவைத்து, அவள் ஊக்கால் நெம்பி முடிச்சை அவிழ்த்து, அவர் கையைக் கழுவி இடியாப்பத்தில் உட்கார்ந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமியாரோடு பள்ளத்தூர்த் தெருவே இறங்கியது. ஒவ்வொருவர் கையிலும் ரொட்டியும் ஆரஞ்சும். முன்னால் வந்த மாமியார், புருஷன் இரண்டு கையாலும் பாலை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்து அப்படியே நின்றார். அவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், திரும்பி வேனில் வந்தவர்களைப் பார்த்த பார்வையில் வேறு கவலை தெரிந்தது.

"இத்தனை பேரை அழைச்சுட்டு வந்துட்டேனே. லேசாச் சுளுக்குன்னாவது சொல்லுங்களேன்" என்றார் மெதுவாக.

மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் அதை எடுக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து ஒரு மருந்து சொன்னார்கள். என் மனைவி அத்தனை பேருக்கும் காப்பி போட்டாள். பால் தீர்ந்து நான் இரண்டு தடவை கடைக்குப் போனேன்.

இரண்டு பேருக்கும் அனுமதி புதுப்பித்து வந்துவிட்டது. இப்போது அவர் எனக்குப் போன் செய்யாத நாள் கிடையாது. தான் எங்காவது டீக்கு நிறுத்தினால் உடனே கூப்பிட்டு, எங்கே வந்துகொண்டிருக்கிறேன், அந்தப் பக்கம் மழையா, ரோட்டில் செக்கிங் இருக்கிறதா என்று விசாரிப்பார். நான் ஓரமாக நிறுத்திப் பதில் சொல்லிவிட்டு வண்டியை எடுப்பதற்குள் அடுத்த கேள்வியோடு மறுபடி அடிப்பார். நீங்கள் பேசாமல் இருந்த காலத்தில் வீட்டுக்கு நேரத்தோடு வந்தீர்கள் என்கிறாள் என் மனைவி.