எண்பதாம் எண் வாசல்

எங்கள் ஹாலில் இருந்த கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கடமைதான் விதிக்கப்பட்டிருந்தது. துபாயிலிருந்து என் கணவர் கூப்பிடும்போது அது மணியடிக்க வேண்டும். அதற்காக விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் அதைப் போட்டுவிடுவோம். படுக்கப் போகும்வரை அணைப்பதில்லை. போட்டவுடன் அழைப்பு நிரல் தானாகவே திறந்துகொள்ளும்படி, லீவில் வந்தபோது அவரே வைத்துவிட்டுப் போயிருந்தார். மணியடித்தால் நான் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டு ஓடிவர வேண்டும். எனக்குக் கேட்காவிட்டால் என் உம்மா கூப்பிடுவார். உம்மாவுக்கும் கேட்காவிட்டால் பின்பக்கத்து முடுக்கிலிருந்து யாராவது ஒரு பெண், "மாப்பிள்ளை கூப்பிடுதாவ" என்று குரல் கொடுப்பாள். தெருப்பக்கம் வராமலே பெண்கள் வீடு விட்டு வீடு போய்வர எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னால் குறுகலான முடுக்குகள் உண்டு. ஒரு வீட்டு மணி நாலு வீட்டுக்குக் கேட்கும்.

இதெல்லாம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இதை எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தின்போது மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். அப்படி இந்த வீடு என்னுடையது, பத்திரம் என் பெயரில் இருக்கிறது. வீட்டுக்குள்ளே இருந்த நான்தான் எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டிய ஆளாக இருந்தேன். கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அவர் கெட்டவர் இல்லை. தனியாகக் கிடக்கிறார், மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், அவ்வளவுதான். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டம் பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் தூத்துக்குடியில் இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி ஆள் தேடுவதாகப் பேப்பரில் பார்த்தேன். பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று போட்டிருந்தது. உடனே போன் செய்தேன். எடுத்தவர் சட்டென்று விஷயத்துக்கு வந்துவிட்டார். மூன்று நாள் தருகிறேன், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு வெப் சர்வர் நிறுவுங்கள், உப்பு ஏற்றும் லாரிகளின் எண்ணை எழுதினால் பட்டியலில் சேருகிற மாதிரி ஒரு பக்கம் செய்யுங்கள், மூன்றாம் நாள் இரண்டரை மணிக்கு உங்கள் திரையை இங்கிருந்தே பார்க்கிறேன் என்றார். கல்யாணம் ஆகி ஐந்து வருடமாக நிரல் எழுதவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அன்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நான் லீவுல வாரப்ப பாத்துக்கிடலாம்" என்றார். அந்த லீவுக்கு இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. எங்கள் ஊரில் வேண்டாம் என்று யாரும் நேராகச் சொல்வதில்லை, லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பெண்களின் எத்தனையோ காரியம் அந்த லீவுக்காகக் காத்துக் கிடக்கிறது. நான் காத்திருப்பதாக இல்லை.

முதல் நாள் கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை. கடற்கரை ஊரில் இது வழக்கம்தான், உப்புக் காற்று உள்ளே போய் எல்லாவற்றையும் பூக்கவைத்துவிடும். பெட்டியைத் திறந்து மெமரி அட்டையைக் கழற்றி, அதன் மஞ்சள் விளிம்பைப் பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்தேன். நகைக்கடையில தங்கத்தை உரசுத மாதிரி உரசுதியே என்று உம்மா கேலி செய்தார். திரும்ப மாட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. உம்மாவின் முகமும் தெளிந்தது, மணியடிக்க வழி பிறந்துவிட்டதல்லவா.

பிறகு சர்வர் தொகுப்பை இறக்கி நிறுவினேன். அதில் ஒரு சின்னப் பலகை வரும். பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் வெப் சர்வருக்கு ஒரு பொத்தான், தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸுக்கு ஒரு பொத்தான். டேட்டாபேஸ் அழுத்தியதும் பச்சையானது. வெப் சர்வர் ஒரு கணம் மஞ்சளாகி, சிவப்பாகி நின்றுவிட்டது. நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். மறுபடியும் சிவப்பு. கம்ப்யூட்டர் பழசு என்று திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதானோ என்று உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. படித்ததெல்லாம் போய்விட்டதோ என்ற அந்தப் பயத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. அன்று சாயங்காலம்வரை சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் காலையில், பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படித்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. கம்ப்யூட்டருக்கு எண் போட்ட வாசல்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஒவ்வொரு நிரலும் ஏதோ ஒரு வாசலில் நின்று தன் காரியத்தைப் பார்க்கும். வெப் சர்வர் வழக்கமாக நிற்பது எண்பதாம் எண் வாசல். அதில் ஏற்கெனவே வேறு யாரோ நிற்கிறார்கள் என்றது செய்தி. யார் என்று பார்க்கக் கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளை கொடுத்தேன். ஒரு எண் வந்தது. அந்த எண்ணை ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலில் தேடினேன்.

அழைப்பு நிரல். என் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது மச்சான்.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே ஆத்திரம் வந்தது. ஒரு நாள் முழுக்க என்னை முட்டாள் என்று நானே நினைத்துக்கொண்டது இதற்காகவா? கணவர் வெளிநாட்டில் இல்லாத வீட்டில் இந்தச் சிக்கலே வந்திருக்காது. எங்களைப்போல ஒரு அழைப்புக்காக நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைக் காவல் வைக்கும் வீட்டில்தான் வரும். யோசிக்கவே இல்லை, அந்த நிரலை மூடினேன். சர்வர் பொத்தானை அழுத்தினேன். பச்சை. என் பக்கத்தின் முகவரியை அடித்தேன், திறந்தது. வெறும் வெள்ளைத் திரையில் வந்தாச்சு என்று நான் எழுதி வைத்திருந்த ஒரே சொல் தெரிந்தது. சந்தோஷத்தில் மேசையை ஓங்கித் தட்டினேன்.

சத்தம் கேட்டு வந்த உம்மா, திரையின் மூலையில் அழைப்பு நிரலின் நீலச் சின்னத்தைக் காணோமே என்றார். மூடிவிட்டேன் என்றேன்.

"ஏளா, அவரு கூப்பிட்டா என்ன செய்வ?"

நாளைக்குப் பேசுவார் என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். உம்மா தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

மதியம் அவர் கூப்பிட்டிருக்கிறார். நான் லைனில் இல்லை. மொபைலில் அடித்திருக்கிறார், அது அடுப்படியில் அரிசிப் பானைக்கு மேலே கிடந்தது. நாலு தடவை பார்த்துவிட்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் தன் உம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறார். கால் மணி நேரத்தில் முடுக்கு வழியாக மாமி வந்துவிட்டார், கூடவே மூன்று பெண்கள். மயங்கி விழுந்துட்டாளோ என்று ஒருத்தி ஃப்ளாஸ்கில் டீயே கொண்டுவந்திருந்தாள். நான் நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்து லாரி எண்ணுக்குப் பெட்டி வரைந்துகொண்டிருந்தேன். அவர்கள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது, அப்புறம் கோபம் வந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் மன்னித்திருப்பார்கள், குடிக்கக் கஞ்சியும் வந்திருக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஒருத்தி கணவனின் அழைப்பை விட்டுவிடலாம் என்பதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. டீயை மட்டும் நான் வாங்கிக் குடித்தேன், நல்ல டீ.

அவர்கள் போனதும் உம்மா அவமானத்தில் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, கம்ப்யூட்டரில் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். நீலச் சின்னத்தை இரண்டு தட்டுத் தட்டினார். அழைப்பு நிரல் திறந்துகொண்டது. என் உழைப்பு போயிற்று என்று பாய்ந்து பார்த்தால், சர்வர் பச்சையாகவே இருந்தது. இரண்டும் ஒன்றாக ஓடின. மச்சான் கூப்பிட்டார், உம்மாவே பேசினார், எனக்கு ஒன்றுமில்லை என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொன்னார். நான் திரையைப் பார்த்தபடி நின்றேன்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்க் கல்யாணக் களறிச் சாப்பாட்டில், பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான ஒரு சஹனைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்துவிட்டால், பிந்தி வருபவர் பேசாமல் அடுத்த சஹனில் போய் உட்காருவாரே, அதேதான். சர்வர் முந்திக்கொண்டால் அழைப்பு நிரல் வேறு வாசல் வழியாகப் போய் ஒழுங்காக மணியடிக்கிறது. அதற்கு எண்பதாம் வாசல் தேவையே இல்லை. காலையில் போட்டதும் தானாகத் திறந்துகொள்வதால் தினமும் முந்தி வந்து நிற்கிறது. நகரு என்று யாரும் சொல்லாததால் நிற்கிறது. நிரலின் அமைப்புக்குள் போய்த் தேடினேன். எண்பதாம் வாசலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டிருந்தது. எடுத்துவிட்டேன். ஒரு டிக்கை எடுக்க ஒரு ஆயுள் பிடித்த மாதிரி இருந்தது.

அன்று மாலை அவரிடம் நானே பேசினேன். நாளைக்கு இரண்டரைக்கு எனக்குப் பரீட்சை, அந்நேரம் கூப்பிடாதீர்கள் என்றேன். சரி சரி என்றார். அந்த இரண்டாவது சரியை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டரைக்குக் கம்பெனிக்காரர் மொபைலில் வந்தார். என் திரை தூத்துக்குடியில் அவர் முன்னால் தெரிந்தது. முதல் லாரி எண்ணை அடித்தேன், பட்டியலில் சேர்ந்தது. இரண்டாவதும் சேர்ந்தது. ஒரே எண்ணை இரண்டு தடவை போட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். போட்டுக் காட்டினேன், ஏற்காமல் திருப்பி அனுப்பியது. அவர் ம்ம் என்றார். அந்த ம்ம் எனக்கு இனித்தது.

அப்போது மணியடித்தது. திரையின் நடுவில் மச்சானின் படம், பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். நான் பார்த்ததையெல்லாம் அந்த ஆளும் பார்த்தார். எடுக்கணும்னா எடுங்க மேடம், நாங்க காத்திருக்கோம் என்றார் மரியாதையாக. உம்மா வாசற்படியில் வந்து நின்றார். முடுக்கில் ஒரு கொலுசுச் சத்தம் வந்துகொண்டிருந்தது, நின்றுவிட்டது. எல்லோரும் என் கையைப் பார்ப்பது போலிருந்தது. நான் சிவப்பை அழுத்தினேன். மறுபடி அடித்தது. மறுபடி சிவப்பு. மூன்றாவது தடவை அடிக்கவில்லை. குரலைச் சரிசெய்துகொண்டு, அடுத்து என்ன பார்க்கணும் சார் என்று கேட்டேன்.

அழைப்பு நிரலோடு வாசல் தகராறு வரவில்லையா என்று கேட்டார். வந்தது என்றேன். எப்படிச் சரிசெய்தேன் என்பதையும் சொன்னேன். எல்லாரும் சர்வரைத்தானே எட்டாயிரத்து எண்பதாம் வாசலுக்கு மாற்றிவிடுவார்கள், ஒரே வரி, சுலபமாச்சே என்றார். எனக்கும் அது தெரியும். இரண்டாம் நாளே படித்திருந்தேன்.

"சுலபந்தான் சார். ஆனா அது என் வாசல். நான் எதுக்கு மாறணும்?"

திங்கட்கிழமையிலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள், காலை பத்திலிருந்து மாலை ஐந்துவரை என்றார். போனை வைத்ததும் நான் உம்மாவைக் கட்டிக்கொண்டேன். உம்மாவின் கை முதலில் அசையாமல்தான் இருந்தது. பிறகு என் முதுகைத் தடவிக் கொடுத்தது. மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லு, நான் இதுல வரமாட்டேன் என்றார்.

அந்தியில் மஃரிபு தொழுகைக்குப் பிறகு மச்சான் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன். அவருக்குப் பின்னால் அடுக்குக் கட்டிலில் யாரோ ஒருவர் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையில் எட்டுப் பேர். அவர் முகம் வாடிப்போயிருந்தது. கூட இருக்கிறவர்கள் முன்னால் இரண்டு தடவை கட் பண்ணினாயே என்றார். அது எனக்கு வலித்தது. வலித்ததை ஒளிக்காமல் சொன்னேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து பகலில் மணியடித்தால் எடுக்க மாட்டேன் என்றேன்.

"எம் பொண்டாட்டிகிட்ட பேச நான் இனிமே நேரம் கேட்டு வாங்கணுமா?"

"ஆமா மச்சான். கேளுங்க, தருவேன்."

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். துண்டு காயப்போட்டவர் வெளியே போய்விட்டார். பிறகு, எத்தனை மணிக்கு என்று மெதுவாகக் கேட்டார். அஞ்சரைக்கு என்றேன்.

"அப்ப இங்க நாலு மணிதான், நான் வேலையில இருப்பேனே" என்றார்.

"அதுவரைக்கும் நானும் வேலையிலதான் இருப்பேன்" என்றேன்.