அப்பா எங்கள் பின்னால் நடந்த நாள்

நான் வேலை செய்த சுற்றுலாக் கப்பல் ஒரேயொரு முறைதான் மட்டக்களப்புக்கு வந்தது. கப்பலில் எனக்கு அறைகளைத் துப்புரவாக்கிப் படுக்கை விரிக்கும் வேலை. கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில் வாவி வழியாகக் கொண்டுவந்து புளியந்தீவில் இறக்குவதாக ஏற்பாடு. ஊர்க்காரன் என்பதால் பன்னிரண்டு பேருக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டும் பொறுப்பை மேலதிகாரி என்னிடம் தந்தார். நான்கு மணித்தியாலம். சொந்தக்காரர் யாரையும் குழுவோடு சேர்க்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

முந்தின நாளே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.

"வேலையா வாறன் அப்பா. நிண்டு கதைக்க ஏலாது. நீங்க வரவேணாம்."

"ஓம், ஓம்" என்றார்.

நாங்கள் படகால் இறங்கும்போது அப்பா துறையடி மரத்தின் கீழ் நின்றார். எங்கள் கிராமமான தேற்றாத்தீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருப்பார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. அவரைப் பார்த்து இரண்டரை வருடமாகியிருந்தது. கழுத்து அப்படி மெலிந்துபோயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கிட்டப் போகக் காலெடுத்தேன். அவர் உள்ளங்கையை லேசாக உயர்த்தி, 'நீ வேலையைப் பார்' என்று காட்டினார்.

நாங்கள் நடந்தோம். அவர் பின்னால் வந்தார்.

கோட்டைக்குள் பயணிகள் பீரங்கிகளைத் தடவிப் பார்த்துப் படமெடுத்தார்கள். அப்பா வாசலில் காத்து நின்றார். பழைய தேவாலயத்தில் நாங்கள் இருபது நிமிடம் இருந்தோம். அவர் எதிர்ப்பக்கத்து மதில் நிழலில் நின்றார். பயணி ஒருவர் வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அப்பா தலையைச் சாய்த்து நான் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருபத்தைந்து வருடம் ஆய்வுகூட உதவியாளராக இருந்தவர். ஆங்கிலம் பேச வராது, கேட்டால் விளங்கும்.

சந்தைக்குப் போகும் தெருவில் குழுவிலிருந்த ஒரு வயதான பெண்மணி என் பக்கத்தில் வந்தார். நல்ல மனுஷி, தினமும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நன்றி சொல்பவர்.

"அந்த மனிதர் காலையிலிருந்து எங்கள் பின்னாலேயே வருகிறார். அவரை உங்களுக்குத் தெரியுமா?"

அப்பா நாலடி தூரத்தில்தான் நின்றார்.

"தெரியாது" என்றேன். "ஊர்க்காரர் யாரோ. பயப்படத் தேவையில்லை."

மேலதிகாரியின் கட்டளைக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது மட்டுமல்ல. அந்தப் பன்னிரண்டு பேரும் சீருடையில் இருந்த என்னை ஒரு மதிப்போடு பார்த்தார்கள். அந்தப் பையும், வியர்வையில் நனைந்த சட்டையுமாக நின்றவரோடு சேர்த்து என்னைப் பார்ப்பதை அந்த ஒரு நொடியில் நான் விரும்பவில்லை.

அப்பா முகத்தைத் திருப்பி, ஒரு புடைவைக் கடையின் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து மறுபக்கத்தால் நடக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

திரும்பிப் போகும் நேரம் பயணிகள் ஒவ்வொருவராகப் படகில் ஏற, மறுபடி துறையடி மரத்தின் கீழ் வந்து நின்ற அவரிடம் நான் ஓடிப்போனேன். பைக்குள் தயிர்ச்சட்டி இருந்தது.

"இதெல்லாம் கப்பலுக்குக் கொண்டுபோக விடமாட்டாங்க அப்பா."

"அப்பிடியா? சரி, சரி. அது பரவாயில்ல."

"அம்மா எப்படி?"

"முழங்கால்தான். அதால கூட்டி வரல்ல."

"அப்பா, அங்க அந்த மனிசி கேக்கக்குள்ள நான்..."

"நீ போ மனே. ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க."

என் தோளில் கை வைத்தார். நான் படகில் ஏறினேன்.

ஏழு மாதம் கழித்து, நடுக்கடலில் இருக்கும்போது அவர் இறந்த செய்தி வந்தது. நெஞ்சுவலி. அடுத்த துறைமுகம் மூன்று நாள் தூரம். நான் ஊருக்கு வரும்போது எட்டாம் நாள் சடங்குகூட முடிந்துவிட்டது.

கப்பல் வந்த நாளில் நடந்த எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அவர் அழவுமில்லை, ஏசவுமில்லை.

"எனக்கு அவர் அதொண்டும் சொல்லல்ல. வெள்ளக்காரர் எல்லாம் எங்கட புள்ளைக்குப் பின்னால வாறாங்க, அவன் நிண்டா அவங்களும் நிக்கிறாங்க எண்டுதான் சொன்னவர். பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொன்னவர்."

"வேற ஒண்டும் சொல்லல்லயா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"சந்தையடியில செருப்பு அறுந்துபோச்சாம். பஸ் எடுக்க வெறுங்காலோட நடந்ததாம். தார் நல்லாச் சுட்டுதாம்."

நான் துறையடியில் அவர் காலைப் பார்க்கவேயில்லை.