அக்காவுக்கு மட்டும் ஒப்பாரி

இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கம் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தாலும் முதலில் அம்மாவைத் தேடித்தான் ஆள் வரும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்ற அதே வாயால் அவள் ஒப்பாரி வைத்தால், கங்காணிமார்கூடத் தலைப்பாகையை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தொண்ணூறை நெருங்கும்வரை இருந்தாள். கடைசி வருடத்திலும் வெற்றிலையை இடித்துப் போட்டுக்கொண்டு மருமகள்களை ஆட்டிவைத்தாள். அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் அந்தக் குரலைத்தான் சொல்கிறார்கள். எனக்கோ அந்தக் குரல்மேல் இன்றும் ஒரு குறை உண்டு.

யார் வீட்டுச் சாவானாலும், செத்தவருக்காக நாலு வரி அழுதுவிட்டு அம்மா என் அக்காவிடம் வந்துவிடுவாள். நான் பிறக்கும் முன்பே, ஏழு வயதில் காய்ச்சலில் போனவள் அக்கா. அவள் நடை, அவள் சிரிப்பு, முழங்காலைத் தொடும் முடி என்று பாட்டு நீண்டுகொண்டே போகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு முடி எப்படி வளர்ந்ததோ! பக்கத்தில், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நான் உயிரோடு உட்கார்ந்திருப்பேன். எனக்கும் முடி இருந்தது. அதைப் பற்றி அவள் சொன்னதெல்லாம், "பேனு புடிச்ச தலைய இங்க கொண்டு வாடி" என்பது மட்டும்தான். முகமே தெரியாத அக்காவை நினைத்து எனக்கு வயிறு எரியும்.

சுதந்திரம் வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. மேல் லயத்து வரிசை வீட்டுக் கிழவர் ஒருவர் இறந்தபோது, அவரை விட்டுவிட்டு அம்மா அக்காவையே வெகுநேரம் அழுதாள். செத்தால்தான் பாட்டு கிடைக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் அம்மா மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு திரும்பும் நேரம் பார்த்து, எங்கள் ஒற்றை அறை வீடான காம்பிராவின் நடுவில் பாய் விரித்தேன். நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். பிணத்துக்குக் கட்டுவதுபோல் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிப் படுத்தேன். என்னைப் பற்றி முதலில் எதைச் சொல்லி அழுவாள் என்பதிலேயே குறியாக இருந்தேன்.

கூடை விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லேசாகக் கண்ணைத் திறந்தேன். அம்மா நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்து, "அவளுக்கு மட்டும் அம்புட்டு நேரம் அழுவுற, எனக்கு ஒரு வார்த்த வரலியா ஒனக்கு?" என்று கத்தினேன்.

கால்விரல் கட்டைப் பிய்த்தெறிந்துவிட்டு அடித்தாள் பாருங்கள், முதுகெல்லாம் தடித்துப் போயிற்று. அடித்து ஓய்ந்தபின் அவளே எண்ணெய் எடுத்துவந்து தடவினாள்.

"அவ போன அன்னைக்கும் எனக்கு வாயே வரலடி. இவளெல்லாம் பெத்தவளான்னு லயத்துச் சனம் பூரா ஏசுச்சு. அன்னைக்கு அழுவாத அழுகையத்தான் இன்ன வரைக்கும் ஊராரு வீட்ல போயி அழுதுக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

முதுகு எரிந்தது. அம்மா என் தோளில் முகத்தை வைத்துச் சத்தமில்லாமல் அழுதாள். அக்காவுக்கும் அன்று ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை என்று கேட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.