ஆ ஹோக்குக்குப் போட்ட வெள்ளைச் சோறு

புழுங்கலரிசி கொதிக்கும்போது எழும் அந்தக் கனத்த வாடை எங்கள் வீட்டுச் சுவர்களிலேயே ஊறிக் கிடந்தது. பக்கத்துக் கடைவீட்டுச் சீனப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எங்களுக்கோ அது வந்தால்தான் பசியே எடுக்கும். ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் எங்கள் வாசலுக்கு எதிரே, கடைகளின் முன்னால் கூரை போட்டு ஓடும் நடைபாதையில், "அஞ்சடி" என்போம், ஆ ஹோக் என்ற சீனத் தச்சர் வந்து படுத்துவிட்டார். கால்கள் இரண்டும் தூணாக வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வேலை போயிற்று, உறவென்று எவருமில்லை.

அம்மா அவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். "நோயாளிக்குக் குடுக்குறது ஆண்டவர் கையில குடுக்குறது, மட்டமானதக் குடுக்கலாமா?" என்பாள். அதனால் நாங்கள் புழுங்கல் சோறு தின்ன, அவருக்கு மட்டும் பண்டிகைக்கு வாங்கும் தீட்டின சயாம் பச்சரிசியை வெள்ளை வெளேரென்று வடித்துக் கொண்டுபோய் வைப்பாள். அவரும் ஆசையாகச் சாப்பிட்டார். வீக்கமோ வயிறுவரை ஏறியது. அம்மா செபமாலையையும் கூட்டினாள், சோற்றையும் கூட்டினாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக "டிரெசர்" வேலை பார்த்த ஒருவரை அழைத்துவந்து காட்டினாள். அவர் காலைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார்.

"அக்கா, மொதல்ல இந்த வெள்ளச் சோத்த நிறுத்துங்க. தவிட்டுச் சத்தெல்லாம் தீட்டிப் போன அரிசி, இதுதான் ஆளக் கொல்லுது. நீங்க திங்கிற புழுங்கலயே போடுங்க. நம்ம ஆளுங்களுக்கு இந்த வீக்கம் வந்து பாத்திருக்கீங்களா?"

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் புழுங்கல் சோற்றை முகர்ந்து பார்த்த ஆ ஹோக், "இனி கூலி பூஞ்ஞா நாசி!" என்று மலாயில் சொல்லித் தட்டைத் தள்ளினார், கூலிக்காரன் சோறாம். மருந்து, மருந்து என்று அம்மா அரைகுறை மலாயில் கெஞ்சினாள். மருந்தென்றால் கசக்கத்தானே வேண்டும், ஏன் நாறுகிறது என்று கேட்டு அந்த நிலையிலும் சிரித்தார். அம்மா எதிரே உட்கார்ந்து தானும் அதையே தின்று காட்டிய பிறகு, திட்டிக்கொண்டே சாப்பிடத் தொடங்கினார். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்து முழங்காலில் சுருக்கம் தெரிந்தது.

அப்போதுதான் ரோசம்மா அக்கா வந்தாள். நோயாளிகளைப் பார்க்கப் போகும் கோயில் மாதர்களுக்கு அவள்தான் தலைவி.

"ஏன் தெரேசா, சாகக் கெடக்குறவனுக்கு இதயா போடுறே? தெருவே சிரிக்குது லா."

"டிரெசர்தான் சொன்னாருக்கா. பச்சரிசி ஆகாதாம்."

"அவரு என்ன பெரிய டாக்டரா? எங்க பாட்டன் காலத்துலருந்து நோயாளிக்குப் பச்சரிசிக் கஞ்சிதான்."

அன்று முதல் அந்த மாதர்கள் முறைவைத்து வெள்ளைக் கஞ்சி கொண்டுவந்தார்கள். ஆ ஹோக் அதைக் குடித்துவிட்டு அம்மாவின் தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா வீடு வீடாகப் போய் மன்றாடினாள், பொறாமை என்றார்கள். பங்குச் சாமியாரிடம் போனாள்; தர்மம் செய்கிறவர்களை எப்படியம்மா தடுப்பது என்றார். எனக்கு அந்தக் கஞ்சிச் சட்டியை உடைத்துவிடலாம் போலிருந்தது. வீக்கம் மறுபடி ஏறி, தவசுகால நோன்பு தொடங்குமுன் ஆ ஹோக் மூச்சுத் திணறிச் செத்தார். மாதர்கள் பெட்டி வாங்கிக் கொடுத்து மனமார அழுதார்கள். "நாம ஒரு கொறையும் வெக்கல," என்றாள் ரோசம்மா அக்கா.

அந்த வாரம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த அம்மா, அப்பாவிடம் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: "அவங்கள நான் வெறுக்குறேன்னு சொன்னேங்க. ஒனக்கு அவங்க என்ன செஞ்சாங்கன்னு கேட்டாரு. சோறு போட்டாங்கன்னேன்."

இன்று அந்த வீக்க நோயை ஊரில் காண முடிவதில்லை. "அஞ்சடி"யிலும் முன்போல யாரும் படுத்துக் கிடப்பதில்லை. ரோசம்மா அக்காவும் தன் நகைகளை ஏழைகளுக்கே கொடுத்துவிட்டு, நல்லவள் என்று பெயரெடுத்துப் போய்ச் சேர்ந்தாள். ஆத்துமாக்கள் திருநாளில் அவளுக்காகவும் செபிக்கிறேன். பாதியிலேயே பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.