தூளியும் கார் சீட்டும்

ஸ்வீடனில் நான் கார் ஓட்டும்போது என் மகள் மீராவின் முகம் எனக்குத் தெரியாது. குழந்தை சீட்டை வண்டியின் பின்பக்கம் பார்க்கிற மாதிரிதான் மாட்ட வேண்டும். நாலு வயது வரைக்கும் அதுதான் நல்லது என்கிறார்கள். "எப்போது முன்பக்கம் திருப்பலாம்?" என்று குழந்தைகளைப் பார்க்கும் நர்ஸிடம் கேட்டேன். "ஏன், அழுகிறாளா?" என்றாள். எனக்குத்தான் அழுகை வருகிறது என்று அவள் மொழியில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். அவளே விளக்கினாள். இம்புட்டுப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. சடாரென்று பிரேக் போட்டால், பின்பக்கம் பார்த்திருக்கும் பிள்ளையின் தலையையும் முதுகையும் சீட் சேர்த்துத் தாங்கிக்கொள்ளும்.

போன மாதம் ஊருக்குப் போனோம், நானும் மீராவும் அந்த சீட்டும். பிறந்ததிலிருந்து பேத்தியைப் போனில் மட்டுமே பார்த்திருந்த அப்பா, வாடகைக் காரோடு மதுரை ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தார். கதவைத் திறந்தால், பின்சீட்டுக்கு மேலே இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் அம்மாவின் நூல் சேலையைக் கட்டித் தூளி போட்டிருக்கிறார். எங்கள் பக்கம் ரயிலானாலும் பஸ்ஸானாலும் பிள்ளைக்குத் தூளி கட்டிவிடுவோம். நானே அப்படித் தூங்கி வளர்ந்தவள்தான். ஆனாலும் நர்ஸ் சொன்ன பிஞ்சுக் கழுத்துதான் நினைவுக்கு வந்தது.

"இதுல போட முடியாதுப்பா. அவுத்துருங்க."

"தூளி வேணாம்னா என் மடியில இருக்கட்டும்த்தா. திண்டுக்கல் வரைக்கும் அலுங்காம கொண்டாந்துர்றேன்."

"மடியும் வேணாம்ப்பா."

அப்பா முடிச்சை அவிழ்த்து, சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பெற்ற அப்பனிடம் பிள்ளையைக் கொடுக்காத மகளாகிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே சீட்டை மாட்டி மீராவை உட்காரவைத்தேன். டிரைவர் வேறு, "என்னக்கா, பாப்பாவைச் சுவத்தப் பாத்து உக்கார வச்ச மாதிரி இருக்கு" என்றார். முன்சீட்டுக்குப் போகப்போன அப்பாவைக் கையைப் பிடித்து மீராவின் பக்கத்தில் ஏற்றிவிட்டு, நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

செத்த நேரத்தில் பின்னாலிருந்து சிரிப்பும் கெக்கலிப்புமாகச் சத்தம். திரும்பினால், அப்பா பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். மீரா அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கத் தாவிக்கொண்டிருக்கிறாள். கொடைரோடு தாண்டும்போது அப்பாவே பேசினார்.

"மடியில வச்சிருந்தா உச்சந்தலையத்தானத்தா பாத்துட்டு வந்திருப்பேன். இப்ப வழி பூரா மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாரேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்று சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் பார்த்தேன். சீட்டின் முதுகுக்குப் பக்கத்தில் மீராவின் கை மட்டும் தெரிந்தது. தான் கடித்த ரொட்டித் துண்டைப் பக்கத்து சீட்டுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தும் அந்தக் கை இறங்கவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டியவர் திண்டுக்கல் நாகல் நகரில் இருந்தார்.